‘டென் ருபீஸ் நோட்’ ஏன் தப்பு? ஆங்கில எண்களின் ஆயிரம் வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை ஒரு பத்து ரூபாய் நோட்டுல ஆரம்பிக்குது.

நான் ஆறாவது படிக்கும்போது ஆங்கில வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தெருவில் பணம் கிடந்தால் என்ன செய்வாய் என்று தலைப்பு. நான் ‘ஐ ஃபவுண்ட் எ டென் ருபீஸ் நோட்’ என்று ஆரம்பித்தேன். நோட்டு திரும்பி வந்தபோது ‘ருபீஸ்’ கடைசியில் இருந்த எஸ்ஸைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். எனக்குப் புரியவில்லை. பத்து ரூபாய் தானே, ஒரு ரூபாய் இல்லையே? ஒன்றுக்கு மேல் போனால் எஸ் போடணும் என்று போன மாசம்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எழுந்து கேட்டேன். “அது அப்படித்தான். உட்காரு” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

டீச்சர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரோ ஒருத்தர் “அது அப்படித்தான்” என்றுதான் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. பேங்க் எக்ஸாம், டிஎன்பிஎஸ்சி, வேலைக்கான இன்டர்வியூ என்று எங்கே போனாலும் இதே மாதிரி கேள்விகள் வரும். ‘டூ ஹண்ட்ரட்’டா, ‘டூ ஹண்ட்ரட்ஸ்’ஸா? ‘லெஸ்’ஸா, ‘ஃபியூவர்’ரா? ‘எ நம்பர் ஆஃப்’ வந்தால் ‘ஈஸ்’ஸா, ‘ஆர்’ரா? மனப்பாடம் செய்துவிட்டுப் போவோம். தப்பு விட்டால் நமக்கு இங்கிலீஷ் வராது என்று நாமே முடிவு கட்டிக்கொள்வோம்.

இந்த எபிசோடில் நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். எண்களைச் சுற்றி இருக்கிற இந்த வினோத விதிகளை யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பேசப்பட்ட ஒரு மொழியின் மிச்சங்கள் அவை. அந்த மொழியைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பாதி விதிகள் தானாகவே புரிந்துவிடும்.

காணாமல் போன ஓர் ‘ஆ’

ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய ஜெர்மனி, டென்மார்க் கடற்கரைப் பகுதிகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் இன மக்கள் கடல் தாண்டி பிரிட்டனுக்கு வந்தார்கள். அவர்கள் பேசிய மொழியிலிருந்து வளர்ந்ததைத்தான் பழைய ஆங்கிலம் என்கிறோம். சுமார் 1100 வரைக்கும் அதன் காலம். இன்றைய ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதைப் படித்தால் ஒரு வரிகூடப் புரியாது.

ஆனா நமக்கு அதில் ஒரு விஷயம் ரொம்பப் பழக்கமானது. வேற்றுமை உருபு. தமிழில் கால், காலை, காலால், காலுக்கு, காலின் என்று சொல்லின் வால் மாறுகிறது இல்லையா, பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான் மாறும். ‘ஃபுட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்க. அன்றைக்கு அது ‘ஃபோட்’. பன்மை ‘ஃபேட்’. அதுதான் இன்றைய ‘ஃபீட்’. ஆனால் ‘கால்களின்’ என்று சொல்லணும் என்றால் ‘ஃபோட்டா’. கடைசியில் ஓர் ‘ஆ’. இந்த ஆ-வை ஞாபகம் வெச்சுக்கோங்க. நம்ம கதையின் ஹீரோ இதுதான்.

அளவு சொல்லும்போது அவர்கள் இந்த ‘ஆ’ உருபைப் பயன்படுத்தினார்கள். ஆறடி நீளம் என்றால் ‘அடிகளின் ஆறு’ என்கிற மாதிரி ஓர் அமைப்பு. அதில் வருவது ‘ஃபேட்’ இல்லை, ‘ஃபோட்டா’.

1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அடுத்த சில நூறு வருஷம் அரண்மனையிலும் மேல்தட்டிலும் பிரெஞ்சு. ஆங்கிலம் வயலிலும் சந்தையிலும் பேசும் மொழியாகவே இருந்தது. சொற்களின் கடைசி உயிரெழுத்துகள் தேய்வது அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. இந்தக் காலத்தில் அது வேகம் எடுத்தது. ‘ஃபோட்டா’வின் ஆ மங்கி ஓர் எ மாதிரி ஆனது. அப்புறம் அதுவும் போய்விட்டது. மிச்சம் நின்றது வெறும் ‘ஃபோட்’. அதாவது இன்றைய ‘ஃபுட்’.

இப்போ ‘எ சிக்ஸ் ஃபுட் வால்’ என்று சொல்லும்போது அந்த ‘ஃபுட்’ ஒருமை மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது வால் அறுந்த ஒரு பழைய பன்மை.

இதற்கு இன்னொரு கைகொடுத்த கூட்டமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் சில சொற்களுக்குப் பன்மையில் வடிவமே மாறாது. வருஷத்துக்கான சொல், பவுண்டுக்கான சொல், இரவுக்கான சொல் எல்லாம் அந்த வகை. இன்றைக்கும் ‘ஷீப்’, ‘டியர்’ மாறுவதில்லை, அதே குடும்பம்தான். ‘ஃபார்ட்நைட்’ என்று ஒரு சொல் கேள்விப்பட்டிருப்பீங்க. கேம் இல்லை, இரண்டு வாரம் என்று அர்த்தம் தருகிற சொல். அது ‘பதினான்கு இரவு’ என்ற பழைய தொடர் சுருங்கி வந்தது. பதினான்கு இரவு என்றால் இன்றைய கணக்கில் ‘ஃபோர்டீன் நைட்ஸ்’ என்று எஸ் வரணும். அந்தச் சொல் உருவான காலத்தில் எஸ் தேவைப்படவில்லை.

இப்படி இரண்டு வழியாக, எண்ணுக்குப் பின்னால் எஸ் இல்லாத சொற்கள் ஆங்கிலத்தில் தங்கிவிட்டன. எண்ணும் அளவும் சேர்ந்து இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் எஸ் கிடையாது என்ற பழக்கம் நிலைத்தது. ‘ஃபைவ் இயர் ஓல்ட் சைல்ட்’, ‘டூ ஹவர் மூவி’ எல்லாம் அந்த அச்சில் வார்த்தவை. கடல் தாண்டி வந்து ரூபாயைச் சந்தித்தபோதும் அதே அச்சுதான். ‘டென் ருபீ நோட்’. ரூபாய்க்கும் பழைய ஆங்கிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனா விதி மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒரு சின்ன வேடிக்கை. தமிழில் நாம் ‘ரெண்டு இட்லி’ என்றுதான் சொல்கிறோம், ‘ரெண்டு இட்லிகள்’ என்று ஹோட்டலில் யாரும் கேட்பதில்லை. ‘பத்து ரூபாய்’தான், ‘பத்து ரூபாய்கள்’ இல்லை. எண்ணே பன்மையைச் சொல்லிவிட்டது, மறுபடி எதுக்கு என்பது நம்ம கணக்கு. நான் ஆறாவதில் தமிழில் யோசித்து அப்படியே எழுதியிருந்தால் சரியாக எழுதியிருப்பேன்!

நூறு ஒரு மூட்டை

அடுத்த கேள்வி. ‘டென் பீப்பிள்’ என்று சொல்லலாம். ஆனால் ‘ஹண்ட்ரட் பீப்பிள்’ என்று எழுதினால் இலக்கணப் புத்தகம் முறைக்கும். ‘எ ஹண்ட்ரட் பீப்பிள்’ அல்லது ‘ஒன் ஹண்ட்ரட் பீப்பிள்’ என்று எழுதணும். பத்துக்குத் தேவைப்படாத ‘எ’ நூறுக்கு மட்டும் ஏன்?

நமக்கு இது குழப்பமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. தமிழில் ‘நூறு பேர் வந்தாங்க’ என்றால் சரியாக நூறு. ‘ஒரு நூறு பேர் வந்தாங்க’ என்றால் சுமாராக நூறு. நமக்கு அந்த ‘ஒரு’ அர்த்தத்தை மாற்றும் சொல். ஆங்கிலத்தில் அது சும்மா இலக்கணத்துக்காக நிற்கிறது.

காரணம், ஆங்கிலத்தில் நூறு என்பது முதலில் ஒரு பெயர்ச்சொல். ஒரு கூடை, ஒரு மூட்டை, ஒரு கட்டு மாதிரி, ‘ஒரு நூறு’. பழைய ஆங்கிலத்தில் நூறு மனிதர்கள் என்பதை ‘மனிதர்களின் ஒரு நூறு’ என்ற பாணியில்தான் சொல்வார்கள். மறுபடியும் அதே ஆ உருபு. ‘மனிதர்களின்’ என்பதில் வரும் ‘இன்’ தேய்ந்து போனதும், ‘எ ஹண்ட்ரட் மென்’ என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. பெயர்ச்சொல்லாக இருந்த காலத்தின் அடையாளமாக அந்த ‘எ’ மட்டும் முன்னால் தங்கிவிட்டது.

அந்த மூட்டைக்குள் எத்தனை இருந்தது என்பது இன்னொரு சுவாரசியம். எல்லா நேரமும் நூறு இல்லை! வடக்கு ஐரோப்பாவில் நூற்றிருபதை ஒரு நூறாக எண்ணும் வழக்கம் இருந்தது. பழைய நார்ஸ் மொழியில் ‘ஹுண்ட்ரத்’ என்றாலே பெரும்பாலும் 120-தான். பழைய ஆங்கிலத்திலேயே எழுபதிலிருந்து நூற்றிருபது வரைக்கும் பத்துகளின் பெயருக்கு முன்னால் ‘ஹுண்ட்’ என்று ஓர் ஒட்டு வரும். அறுபதில் ஒரு திருப்பம், நூற்றிருபதில் ஒரு முடிவு. இங்கிலாந்துச் சந்தைகளில் மீன், ஆணி போன்ற சில சரக்குகளை ஆறு இருபதாக, அதாவது 120 ஆக எண்ணி ‘ஒரு நூறு’ என்று விற்கும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. எடையிலும் இதே கதைதான். பிரிட்டனின் ‘ஹண்ட்ரட்வெயிட்’ என்பது நூறு பவுண்டு இல்லை, 112 பவுண்டு.

அப்போ இது எண் என்பதைவிட ஒரு சிப்பத்தின் பெயர். சிப்பத்துக்குள் எத்தனை என்பதை அந்தச் சரக்கும் அந்த ஊரும்தான் முடிவு செய்தன.

‘டஜன்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதுவும் ஒரு சிப்பம். ‘மில்லியன்’ இத்தாலியனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, ‘பெரிய ஆயிரம்’ என்று அர்த்தம். அதுவும் சிப்பம். அதனால்தான் ‘எ டஜன்’, ‘எ மில்லியன்’ என்று எல்லாவற்றுக்கும் ‘எ’ வேணும். ‘ஸ்கோர்’ என்பது இருபது. முதலில் கம்பில் கத்தியால் போடுகிற வெட்டு. ஆடு மாடு எண்ணும்போது இருபதுக்கு ஒரு வெட்டு என்று கணக்கு வைத்ததிலிருந்து அது வந்திருக்கணும் என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் கருத்து. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் ஆபிரகாம் லிங்கன் பேசியபோது, 87 வருஷம் என்பதை இருபது இருபதாக எண்ணித்தான் ஆரம்பித்தார். அந்தக் கணக்கைக் கழித்துப் பார்த்தால் 1776, அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் வந்த வருஷம்.

சரி, ‘டூ ஹண்ட்ரட்’ என்றால் எஸ் இல்லை. ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்றால் எஸ் உண்டு. இப்போ இதுவும் புரிந்துவிடும். ‘நூற்றுக்கணக்கான’ என்று சொல்லும்போது அந்தச் சொல் இன்னும் பழைய பெயர்ச்சொல். மூட்டை மூட்டையாக என்று எண்ணுகிறோம், அதனால் எஸ், அதனால் ‘ஆஃப்’. முன்னால் ஒரு துல்லியமான எண் வந்ததும் அது பெயர்ச்சொல் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சாதாரண எண்ணாகிவிடுகிறது. எஸ் போய்விடும், ‘ஆஃப்’ போய்விடும். முன்பு ‘மூன்று மில்லியன்ஸ் ஆஃப்’ என்கிற மாதிரி எழுதியவர்கள் உண்டு. இன்றைக்கு அது பழைய வாடை அடிக்கும்.

இந்த மாற்றம் இன்னும் ஓயவில்லை. எக்ஸாமில் பிடிச்சுக் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கே, ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ வந்தால் ‘ஆர்’, ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ வந்தால் ‘ஈஸ்’ என்று. அது இதே கதைதான். ‘தி நம்பர்’ என்பது உண்மையான பெயர்ச்சொல். எண்ணிக்கை என்ற ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறோம், அதனால் ஒருமை. ‘எ நம்பர் ஆஃப்’ என்பது பெயர்ச்சொல்லாகப் பிறந்து, ‘பல’ என்ற அர்த்தத்துக்கு நழுவிவிட்டது. பல மாணவர்கள் என்றால் பன்மைதானே? நூறு என்ற சொல் எப்பவோ நடந்து முடித்த பாதையில் ‘நம்பர்’ இப்போ பாதி தூரம் வந்திருக்கு. அமெரிக்கப் பேச்சில் ‘எ கப்புள் ஆஃப் பீப்பிள்’ என்பதை ‘எ கப்புள் பீப்பிள்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அங்கேயும் அந்த ‘ஆஃப்’ உதிர்கிறது.

பத்து பொருளா, குறைவா?

இப்போ இணையத்தில் அடிக்கடி சண்டை நடக்கிற ஒரு விஷயம். எண்ணக்கூடியதுக்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாததுக்கு ‘லெஸ்’. ஃபியூவர் புக்ஸ், லெஸ் வாட்டர். யாராவது ‘லெஸ் புக்ஸ்’ என்று எழுதினால் கமென்ட்டில் நாலு பேர் திருத்த வருவாங்க.

ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்டவர் ஆல்ஃபிரட். லத்தீன் நூல்களைத் தன் மக்களின் மொழிக்குக் கொண்டுவர முயற்சி எடுத்த மன்னர். அவர் பெயரில் வழங்கும் போயீத்தியஸ் மொழிபெயர்ப்பில், குறைவான சொற்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘லெஸ்’ஸின் மூதாதைதான் வருகிறது. அதற்குப் பக்கத்தில் ‘சொற்கள்’ எந்த உருவத்தில் வருகிறது தெரியுமா? ‘வோர்டா’. நம்ம ஹீரோ ஆ! ‘சொற்களின் குறைவு’ என்பது அமைப்பு. ஆ தேய்ந்ததும் ‘லெஸ் வேர்ட்ஸ்’ ஆகிவிட்டது. அதாவது இன்று தப்பு என்று திருத்தப்படுகிற பயன்பாடு, ஆங்கிலத்தின் மிகப் பழைய எழுத்துகளிலேயே இருக்கிறது.

அப்போ விதி எங்கிருந்து வந்தது? 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழியைப் பற்றிச் சில குறிப்புகளை ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதில் நூறுக்குக் குறையாத என்று சொல்ல ‘லெஸ்’ஸைவிட ‘ஃபியூவர்’ நளினமாகவும் சரியாகவும் தனக்குத் தோன்றுவதாக எழுதினார். தனக்குத் தோன்றுவதாகத்தான் சொன்னார், கவனிங்க. பின்னால் வந்த இலக்கண ஆசிரியர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அதை எடுத்தாண்டு, ஒருவரின் ரசனையைக் கல்லில் வெட்டிய சட்டமாக்கிவிட்டார்கள்.

இந்தச் சட்டம் சூப்பர்மார்க்கெட் வரைக்கும் போனது. பிரிட்டனில் பத்துப் பொருளுக்குள் வாங்கியவர்களுக்கான வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று பலகை இருக்கும். அது தப்பு என்று இலக்கணப் பிரியர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2008-ல் டெஸ்கோ நிறுவனம் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று பலகையை மாற்றியது. லெஸ்ஸும் வேண்டாம், ஃபியூவரும் வேண்டாம் என்று நழுவிக்கொண்டது.

ஒன்று விட்டு ஒரு நாள்

ஒரு டாக்டர் ‘எவ்ரி அதர் டே’ மாத்திரை போடச் சொல்கிறார் என்று வெச்சுக்கோங்க. ‘அதர்’ என்றால் மற்ற. அப்போ இன்னைக்குத் தவிர மற்ற எல்லா நாளும் போடணுமா? இல்லை. ஒன்று விட்டு ஒரு நாள். இங்கே சொல்லைச் சொல்லாக மொழிபெயர்த்தால் மாத்திரை டபுளாகிவிடும். இது மார்க் போகிற விஷயம் மட்டும் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இரண்டாவது என்பதற்குத் தனிச் சொல் இல்லை. ‘அதர்’தான் இரண்டாவது. முதல் நாள், அதர் நாள், மூன்றாம் நாள். நார்மன்களுக்குப் பிறகு லத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ‘செகண்ட்’ வந்தது. ஃபர்ஸ்ட், தேர்ட், ஃபோர்த் எல்லாம் மண்ணின் சொற்கள். நடுவில் செகண்ட் மட்டும் வெளியூர்க்காரர். வந்தவர் நாற்காலியைப் பிடித்ததும் ‘அதர்’ எழுந்து போய்விட்டது. ஆனால் ‘எவ்ரி அதர்’ என்ற தொடரில் மட்டும் பழைய வேலையை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இரண்டாவது நாளும் என்று படித்துப் பாருங்க, சரியாக உட்காரும்.

ஒன்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. உயிர் ஒலிக்கு முன்னால் ‘எ’ வந்தால் ஓர் என் சேர்த்து ‘ஆன்’ ஆக்கு என்று படித்திருக்கிறோம். வரலாற்றில் நடந்தது நேர் தலைகீழ். ஒன்று என்ற எண்ணுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றுதான் பெயர். அதில் என் பிறவியிலேயே இருக்கிறது. மெய் ஒலிக்கு முன்னால் அது உதிர்ந்தது, உயிர் ஒலிக்கு முன்னால் தங்கியது. ஆப்பிளுக்கு முன்னால் என் சேர்க்கவில்லை, மாம்பழத்துக்கு முன்னால் இழந்துவிட்டோம். தமிழில் ஒன்று என்ற எண்ணிலிருந்து ‘ஒரு’, ‘ஓர்’ என்று இரண்டு வடிவம் வைத்திருக்கிற நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

‘ஒன்ஸ்’, ‘ட்வைஸ்’, ‘த்ரைஸ்’ மூன்றின் கடைசியில் கேட்கிற ஸ் ஒலியும் ஒரு பழைய வேற்றுமை உருபுதான். இதில் ‘த்ரைஸ்’ஸை பிரிட்டனும் அமெரிக்காவும் ஏறக்குறைய கைவிட்டுவிட்டன. இந்திய ஆங்கிலம்தான் அதை இன்னும் அன்றாடப் புழக்கத்தில் வைத்திருக்கிறது. ‘ஐ கால்டு யூ த்ரைஸ்’ என்று நீங்க சொன்னால் வெள்ளைக்காரர் சிரிக்கலாம். அவரின் கொள்ளுத்தாத்தா சிரித்திருக்க மாட்டார்.

பில்லியன் எத்தனை?

இதுவரைக்கும் சொன்னதில் தப்பு விட்டால் ஒரு மார்க் போகும். மாத்திரை விஷயம் வேற. இப்போ பெரிய பணம்.

1484-ல் பிரான்சின் லியோன் நகரில் வாழ்ந்த நிக்கோலா ஷூக்கே என்ற கணிதவியலாளர் எண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மில்லியனுக்கு மேலே போக அழகான ஒரு திட்டம் வைத்திருந்தார். பை என்றால் இரண்டு. மில்லியனை இரண்டு முறை பெருக்கினால் பில்லியன். ட்ரை என்றால் மூன்று. மூன்று முறை பெருக்கினால் ட்ரில்லியன். அப்போ பில்லியன் என்பது மில்லியன் மில்லியன். நம்ம கணக்கில் லட்சம் கோடி. பெயரும் கணக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பின்னாளில் பிரான்சிலேயே சிலர் மூன்று மூன்று பூஜ்யமாகப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன்தான். அதாவது நூறு கோடி. அமெரிக்கா இந்தச் சின்ன பில்லியனை எடுத்துக்கொண்டது. பிரிட்டன் பழைய பெரிய பில்லியனிலேயே நின்றது. ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு நாட்டில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

1974 டிசம்பர் 20. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ராபின் மாக்ஸ்வெல்-ஹிஸ்லாப் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டார். அமைச்சர்கள் பில்லியன் என்ற சொல்லை நம் பிரிட்டிஷ் அர்த்தத்தில் மட்டும் பயன்படுத்துவார்களா என்று. பிரதமர் ஹெரால்ட் வில்சனின் பதில், இல்லை என்பதுதான். உலகமெங்கும் இப்போது ஆயிரம் மில்லியனைத்தான் பில்லியன் என்கிறார்கள், நாம் மட்டும் வேறு அர்த்தத்தில் சொன்னால் குழப்பம் வரும் என்றார். அந்த ஒரு பதிலோடு பிரிட்டிஷ் அரசின் கணக்கில் பில்லியன் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிரான்ஸ் அதற்குள் எதிர்த்திசையில் போயிருந்தது. 1961-லேயே அரசாணை போட்டுப் பெரிய பில்லியனுக்குத் திரும்பிவிட்டது. ஜெர்மன் மொழியிலும் இன்றுவரை ஆயிரம் மில்லியன் ‘மில்லியார்ட’, ‘பில்லியோன்’ என்றால் லட்சம் கோடி. ஜெர்மன் செய்தியை மொழிபெயர்க்கிறவர் அசந்தால் மூன்று பூஜ்யம் போய்விடும். 1974-க்கு முன்னால் வந்த பிரிட்டிஷ் புத்தகத்தில் பில்லியன் என்று பார்த்தால் நீங்களும் ஒரு நிமிஷம் நிதானிக்கணும்.

நம்ம ஊர் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பியது, நம்மிடம் சொந்தச் சொற்கள் இருந்ததால். லட்சமும் கோடியும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஆங்கிலத்துக்குள் போய் ‘லாக்’, ‘க்ரோர்’ ஆகின. இன்றைக்கும் இந்திய ஆங்கிலப் பத்திரிகை அவற்றைக் கூச்சமில்லாமல் அச்சடிக்கிறது. கமாவையும் நம் கணக்குப்படி 1,00,000 என்றுதான் போடுகிறோம். உள்ளே போன சொற்கள் அந்த வீட்டு வழக்கத்தையும் பழகிக்கொண்டன. ‘எ லாக்’ என்று ‘எ’ வரும். ‘லாக்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்றால் எஸ் வரும். ‘டூ லாக் ருபீஸ்’ என்றால் பத்திரிகைகள் பெரும்பாலும் எஸ் இல்லாமல்தான் எழுதுகின்றன, ‘லாக்ஸ்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நூறு நடந்த அதே பாதையில் லட்சமும் நடக்கிறது.

கடைசியாக

இதெல்லாம் தெரிஞ்சா எக்ஸாமில் என் இஷ்டத்துக்கு எழுதலாமா என்று கேட்காதீங்க. கூடாது. பேப்பர் திருத்துகிறவருக்கு ஆல்ஃபிரட் மன்னரைத் தெரிந்திருக்கணும் என்று அவசியம் இல்லை. ‘டென் ருபீ நோட்’ என்றே எழுதுங்க, ‘ஃபியூவர் புக்ஸ்’ என்றே எழுதுங்க.

ஆனா தப்பு விட்டால் தலை குனிய வேண்டியதில்லை. வெட்டப்பட்ட ஒரு ‘ஆ’ ஆயிரம் வருஷமாக எத்தனை பேரைத் தடுக்கி விழ வைத்திருக்கிறது பாருங்க. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிற ஊரில் பலகையை மாற்றியிருக்கிறார்கள், பிரதமரே ஒரு சொல்லுக்கு எத்தனை பூஜ்யம் என்று பதில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கே அவ்வளவு சிக்கல் என்றால், ஆறாவது படிக்கிற ஒரு பையன் ருபீஸ் என்று எழுதியதில் என்ன தப்பு? அவனுக்குத் தெரிந்த விதியை அவன் ஒழுங்காகத்தான் பயன்படுத்தினான்.

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தை இப்படி ஏதாவது கேட்டால், “அது அப்படித்தான்” என்று சொல்லாதீங்க. பதில் தெரியலைன்னா, “தெரியலை, வா தேடிப் பார்ப்போம்” என்று சொல்லுங்க. இந்த எபிசோடு அப்படித் தேடினதில் வந்ததுதான். கொஞ்சம் லேட்டாக, இருபது வருஷம் கழித்து.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.